பாலம் இல்லாத ஆறு: ரைன் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜெர்மனியில் ரைன் ஆற்றோரம் இருக்கும் கௌப் ஊரின் கரையில் நின்றால் எதிர்க்கரையில் போகும் ரயிலின் பெட்டிகளை எண்ணிவிடலாம். அவ்வளவு பக்கம். ஆனால் சாயங்காலம் கடைசி ஃபெர்ரி போய்விட்டால் அந்தக் கரை வேறு நாடு மாதிரிதான். முதல் முறை போனபோது நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். அறை எடுத்திருந்த பாகராக் அங்கிருந்து நாலு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் அக்கரையில். ரயில் ஏறி ரூடெஸ்ஹைம் போய், அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஃபெர்ரியில் பிங்கனுக்குக் கடந்து, மறுபடி ரயில் பிடித்துத் திரும்பி வந்து சேர்ந்தபோது சமையலறையை மூடியிருந்தார்கள். பையில் இருந்த பிஸ்கட்தான் ராச்சாப்பாடு.

ஜெர்மனியில் மைன்ஸ், வீஸ்பாடன் பாலங்களைத் தாண்டிவிட்டால் கோப்லென்ஸ் வரைக்கும் ரைன் ஆற்றின் மேல் பாலமே கிடையாது. சாங்க்ட் கோவாரில் ஒன்று கட்டுவது பற்றிப் பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை பிங்கன், நீடர்ஹைம்பாக், கௌப், சாங்க்ட் கோவார், பொப்பார்ட் ஆகிய இடங்களின் ஃபெர்ரிகள்தான் வழி. ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி வரைபடத்தை நம்புவதால் வருகிறது. பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர். 2002-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பள்ளத்தாக்கு இதுதான். அதற்குள் சுமார் நாற்பது கோட்டைகள். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து காலையில் கிளம்பினால் அஞ்சாறு பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கோட்டையும் ஒரு மலையின் மேல். கீழே நிலையத்தில் இறங்கி மேலே ஏறி, சுற்றிப் பார்த்து இறங்கினாலே அரை நாள். ஒரு நாளைக்கு ஒரு கரை, ஒரு கோட்டை, ஒரு பழைய ஊர். என் கணக்கு இதுதான். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். நாலு கோட்டைக்குத் திட்டம் போட்டு மூன்றாவதின் வாசலில் உட்கார்ந்துவிட்டவர்கள் சிரிப்பதில்லை.

கீழிருந்து தெரிகிற கோட்டைக்குள் எல்லாம் போக முடியும் என்று நினைப்பது இன்னொரு தவறு. சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசனுக்கு மேலே கட்ஸ், அதாவது பூனைக் கோட்டை, கம்பீரமாக நிற்கும். அது தனியார் சொத்து, பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. கௌப்பின் தலைக்கு மேல் இருக்கும் கூட்டன்ஃபெல்ஸும் தனியாருடையதுதான். பாகராக்கின் ஷ்டாலெக் கோட்டை இப்போது இளைஞர் விடுதி. தங்காதவர்களுக்கு முற்றமும் அங்கிருந்து தெரியும் காட்சியும் மட்டும். ஆற்றின் நடுவே கப்பல் மாதிரி நிற்கும் ஃபால்ஸ்கிராஃபென்ஷ்டைன், 1327 வாக்கில் சுங்கம் வசூலிக்கக் கட்டியது. அங்கே படகில்தான் போக வேண்டும், வெள்ளம் ஏறினால் படகும் இல்லை. குளிர்காலத்தில் பல கோட்டைகள் மூடிவிடும், சில சனி ஞாயிறு மட்டும் திறக்கும். திங்கட்கிழமையையும் சந்தேகத்தோடே பாருங்கள்.

சரி, உள்ளே போய்விட்டோம். இப்போது பார்ப்பது எந்தக் காலத்துச் சுவர்? இதைக் கேட்காமல் வருவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. படங்களில் அழகாக வரும் ரைன்ஷ்டைன், ஷ்டோல்சன்ஃபெல்ஸ் போன்றவை இடிந்து கிடந்து, 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பத்தார் தங்கள் கனவுக்கு ஏற்ற மாதிரி எடுத்துக் கட்டியவை. அழகுதான், ஆனால் இடைக்காலத்தைப் பற்றி 1820, 30-களில் கண்ட கனவு அது. அசல் வேண்டுமென்றால் பிரவ்பாக்கின் மார்க்ஸ்பூர்க். இந்தப் பகுதியின் மலைக்கோட்டைகளில் ஒரு தடவைகூட இடிபடாதது அது ஒன்றுதான். குதிரைகள் ஏறுவதற்காகப் பாறையிலேயே வெட்டிய படிகளில் நீங்களும் ஏறுவீர்கள், வழுக்கும். வழிகாட்டியோடுதான் சுற்றிப் பார்க்க முடியும். பெரும்பாலும் ஜெர்மனில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எந்த நேரம் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் சாங்க்ட் கோவாரின் ரைன்ஃபெல்ஸுக்கே அனுப்புவேன். 1245-இல் காட்சன்எல்ன்போகன் பிரபு கட்டத் தொடங்கினார். அந்தப் பேரைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘பூனையின் முழங்கை’ என்று வரும். எதிர்க்கரையில் பூனை ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். சுங்கத் தொல்லை தாங்காமல் ரைன் நகரங்கள் ஒன்றுசேர்ந்து 1255-இல் முற்றுகையிட்டன, பிடிக்க முடியவில்லை. 1692-இல் பிரெஞ்சுப் படை வந்தது, அதற்கும் முடியவில்லை. கடைசியில் 1794-இல் புரட்சிப் படை வந்தபோது சண்டையே போடாமல் விட்டுக்கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்புறம் கல் வேண்டியவர்களுக்கு இதுவே குவாரி. இந்தக் கதை தெரியாமல் போனால் அது உங்களுக்கு ஒரு பெரிய கற்குவியல், அவ்வளவுதான்.

ரைன்ஃபெல்ஸின் அடியில் எதிரியின் காலடியில் வெடிவைப்பதற்காகத் தோண்டிய சுரங்கங்கள் உண்டு. கும்மிருட்டு. சில இடங்களில் குனிந்து, ஓரிடத்தில் கிட்டத்தட்டத் தவழ்ந்து போக வேண்டியிருந்தது. கைப்பேசி வெளிச்சம் போதும் என்று நினைத்தால் ஒரு கை அதற்கே போய்விடும், சுவரைப் பிடிக்க மற்றொரு கைதான் மிச்சம். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று இருந்தால் நல்லது. பராமரிப்பு வேலை நடந்தால் சில பகுதிகளை மூடியிருப்பார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

செருப்பும் வேண்டாம். இந்தச் சரிவுகள் ஸ்லேட் பாறை, உடைந்த கல் சில்லுகள் காலுக்கடியில் நழுவும். பகலில் வெயிலை வாங்கி இரவில் விடும் அந்தக் கல்லால்தான் ரீஸ்லிங் திராட்சை இவ்வளவு வடக்கே பழுக்கிறது. சரிவு செங்குத்து. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரத்தோடு ஏறும் குட்டி வண்டியில் தோட்டக்காரர்கள் போவதைப் பார்க்கலாம். திராட்சைத் தோட்டத்து நடைபாதை என்றாலே பூங்கா மாதிரி நினைத்துவிடுகிறோம். அது ஒருவருடைய வயல். நம்மூரில் வரப்பில் போகிற வழியில் ஒருவர் நெற்கதிரைக் கிள்ளினால் எப்படியோ, இங்கே ஒரு குலையைக் கிள்ளுவதும் அப்படியே. செப்டம்பர், அக்டோபர் அறுவடையில் சில பாதைகளை மூடிப் பலகை வைப்பார்கள்; அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

குடிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். வீட்டு வாசலில் துடைப்பமோ கிளைக்கொத்தோ தொங்கினால் அது ‘ஷ்ட்ராவ்ஸ்விர்ட்ஷாஃப்ட்’, தோட்டக்காரர் தன் சொந்த ஒயினை மட்டும் விற்கும் தற்காலிகக் கடை. வருடத்துக்கு நாலு மாதம்தான் திறக்கலாம், நாற்பது இருக்கைக்கு மேல் கூடாது. போன வருடம் இருந்ததே என்று நம்பிப் போனால் கதவு சாத்தியிருக்கும். ரொக்கமும் கையில் இருக்கட்டும். இலையுதிர் காலத்தில் ஃபேடர்வைசர் என்று பாதி நொதித்த ஒயின் கிடைக்கும், இனிப்பாக, கலங்கலாக. அது பாட்டிலுக்குள்ளும் நொதித்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்கமாகப் போடமாட்டார்கள். நான் அதைப் பையில் படுக்க வைத்தேன். துண்டு, சாக்ஸ், கடவுச்சீட்டு உறை எல்லாம் ஒயின் வாசனை. அதோடு கொடுக்கும் வெங்காயக் கேக்கில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். கார் ஓட்டுகிறவருக்குத் திராட்சைச் சாறு இருக்கிறது, அதுவும் அந்தத் தோட்டத்துடையதாகவே கிடைக்கும்.

பாகராக்கில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம், கூரையும் கண்ணாடியும் இல்லாமல் சிவப்புக் கல் சன்னல்கள் மட்டும் நிற்கும் வெர்னர் சிற்றாலயம். அழகில் சந்தேகமில்லை. ஆனால் அது ஏன் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளாமல் அங்கே போஸ் கொடுப்பது தவறு என்பேன். 1287-இல் வெர்னர் என்ற சிறுவன் இறந்தான். பழி யூதர்கள்மேல் விழுந்தது, அது பொய்ப்பழி. ரைன் கரை ஊர்களில் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். சிறுவனைப் புனிதனாக்கி அவன் பேரில் எழுப்பியதுதான் இது. 1689-இல் மேலே இருந்த கோட்டையைப் பிரெஞ்சுப் படை வெடிவைத்தபோது இடிபாடு விழுந்து ஆலயமும் சிதைந்தது. வெர்னரின் திருநாளை ட்ரியர் மறைமாவட்டம் தன் நாட்காட்டியிலிருந்து எடுத்தது 1963-இல்தான்.

இரவுத் தூக்கம் லேசானவர்கள் ஆற்றைப் பார்த்த அறை கேட்காதீர்கள். ஆற்றுக்கும் அறைக்கும் நடுவே தண்டவாளம் இருக்கும். சரக்கு ரயில்கள் விடிய விடிய ஓடும், அதுவும் வலக்கரையில், அதாவது கௌப் இருக்கும் பக்கம், அதிகம். சந்துக்குள் பின்பக்க அறை போதும்.

கப்பலில் போவதானால் ஆறு ஓடும் திசையில், அதாவது பிங்கனிலிருந்து வடக்கே போங்கள். எதிர்நீச்சலில் அதே தூரத்துக்கு நேரம் ரொம்பக் கூடும். திரும்புவதற்கு ரயில். இடக்கரை ரயிலில் தெற்கே திரும்பும்போது ஆறு இடது பக்க ஜன்னலில் வரும். அந்தப் பக்க இருக்கைகள்தான் முதலில் நிறையும்.