வகுப்பில் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்வது எப்படி?

தென்காசிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். விஞ்ஞானி என்றதும் பிள்ளைகள் மனத்தில் வருவது ஆணா, பெண்ணா, எப்படிப்பட்டவர் என்று பார்க்க, ஒவ்வோர் ஆண்டும் ஏழாம் வகுப்பில் முதல் பாடத்துக்கு முன்பே இந்தப் பயிற்சியை நடத்திவிடுகிறேன். ஒரு பாடவேளை, ஆளுக்கு அரைத்தாள், பென்சில் போதும்.

"ஒரு விஞ்ஞானி வேலை செய்துகொண்டிருப்பதை வரையுங்கள்." சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தமிழில் விஞ்ஞானி என்ற சொல்லும் அவர் என்ற சொல்லும் இருபாலுக்கும் பொது. நாம் வாய்தவறி 'செய்கிறான்' என்றால் போயிற்று. சுவரில் விஞ்ஞானிகளின் படம் இருந்தால் முந்தைய நாளே கழற்றிவிடுங்கள்.

நடுவில் கேள்விகள் வரும். "சேலை கட்டியவரை வரையலாமா, டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் மகிழ்ந்துபோய், "தாராளமாக வரை!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். உடனே நான்கைந்து பேர் தாடியை ரப்பரால் அழித்தார்கள். டீச்சருக்குப் பிடித்த படம் எதுவென்று தெரிந்துவிட்டதல்லவா? இப்போது யார் எதைக் கேட்டாலும் "உன் மனத்தில் வந்தவரை வரை" என்பதோடு சரி. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. ஆணை வரைய இதுவரை எவரும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை.

வரைந்து முடித்ததும் தாளின் பின்புறம் அந்த விஞ்ஞானியின் பெயர், வேலை, இடம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். முடியின் நீளத்தை வைத்து ஆணா பெண்ணா என்று நாம் ஊகிக்கக்கூடாது. மதிப்பெண் வேண்டாம்.

வெள்ளை அங்கி, கண்ணாடி, தாடி மீசை, குடுவை, புத்தகம் என்று தனித்தனியாக எண்ணுங்கள். இதே பயிற்சியை ஆய்வாக நடத்திய டேவிட் வேட் சேம்பர்ஸ் அப்படித்தான் எண்ணினார். 1983இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகளின் படங்களில் பெண் விஞ்ஞானிகள் 28 பேரே. அவர்களை வரைந்தவர்கள் அனைவரும் சிறுமிகள். அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கட்டுரைப்படி, 1985க்குப் பிறகு பெண் விஞ்ஞானியை வரைந்த குழந்தைகள் சராசரியாக 28 சதவீதம் ஆனார்கள். வயது ஏற ஏற ஆண் படங்கள் கூடுவதையும் அந்தக் கட்டுரை காட்டியது. அதனால் ஒன்றாம் வகுப்பிலும் நடத்திப் பாருங்கள்.

அன்றே திருத்தப் புறப்படாதீர்கள். உரிய பாடம் வரும்போது வேலையை முதலில் சொல்லுங்கள், பெயரைக் கடைசியில். இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று அளக்கக் கருவிகள் அமைத்தவர் யார்? ஊகிக்கட்டும். பிறகு அன்னா மணியின் படத்தைக் காட்டுங்கள். பீர்மேட்டில் பிறந்து சென்னையில் இயற்பியல் படித்தவர். சி. வி. ராமனின் ஆய்வகத்தில் உழைத்தும், முதுகலைப் பட்டம் இல்லையென்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டவர். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு, சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதே போதும். பஸ்ஸில் போய்வரும் ஊர் அது.

மகளிர் தினத்துக்கென்று இவர்களை ஒதுக்கிவைக்காதீர்கள்.

மூன்றாம் பருவத்தில், முன்னறிவிப்பு இல்லாமல், இரண்டு விஞ்ஞானிகள் சேர்ந்து வேலை செய்வதை வரையச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகே முதல் படத்தை அவரவர் கையில் கொடுங்கள்.