வீட்டில் துப்பாக்கியை எங்கே, எப்படி வைப்பது: சேலம், ஏற்காடு வீடுகளுக்கான செய்முறை

லைசென்ஸ் கைக்கு வந்து, துப்பாக்கியும் முதல் பெட்டித் தோட்டாவும் வீட்டுக்குள் நுழைந்த அன்றே முடிவு செய்ய வேண்டியது, அதை எங்கே வைப்பது என்பதுதான். பல வீடுகளில் துணி பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் துப்பாக்கியைச் சாய்த்துவைப்பார்கள். அதே பீரோவின் உள்லாக்கரில் தோட்டா இருக்கும், சாமி படத்துக்குப் பின்னால் சாவி இருக்கும். அந்தச் சாவி இருக்கும் இடம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும், வேலைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும்.

துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம், சாவி லைசென்ஸ்காரரோடு. கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த ஓர் ஏற்பாட்டுக்காகத்தான்.

முதலில் காகிதம்

துப்பாக்கி விஷயத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். லைசென்ஸின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகியிருக்கிறது. லைசென்ஸ் வேலைகளுக்கு, சேலம் மாநகரக் காவல் எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம், ஏற்காடு, ஆத்தூர், ஓமலூர் போன்ற பகுதிகளில் இருப்பவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

லைசென்ஸை எடுத்து மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். ஆயுத லைசென்ஸ்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் பதிவான தனி அடையாள எண் அதில் இருக்கிறதா? துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணும் லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா? ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம்? கடைசிக் கேள்விக்கு இரண்டு தனி எண்கள் இருக்கும். ஆண்டுக்கணக்கைப் பார்த்து வாங்கிவிட்டு, கையிருப்புக் கணக்கை மீறி வைத்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலாளி பெயரில் லைசென்ஸ் இருப்பதால் காவலாளியோ மேஸ்திரியோ அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட முடியாது. லைசென்ஸிலேயே அவர் பெயர் உதவியாளராகப் பதிவாகியிருக்க வேண்டும். மனைவிக்கும் மகனுக்கும் இதே விதிதான். பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கியிருந்தாலும் காட்டுமாட்டைச் சுட அது அனுமதியாகாது. காட்டுமாடு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு.

படி 1: காலி செய்வது

உள்ளே வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். நேற்றுத்தான் காலி செய்தேன் என்ற நினைவை நம்பாதீர்கள்.

குழலின் வாய் மண்சுவர், மண்தரை போன்ற, ஆள் இல்லாத பக்கம் பார்த்திருக்கட்டும். விரல் விசையில் படக்கூடாது. இரட்டைக்குழல் 12 போர் (போர் என்பது குழல் அகலத்தின் அளவு, எண் கூடினால் குழல் குறுகும்) என்றால் நெம்பியைத் தள்ளித் துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு தோட்டாவையும் எடுத்து மேசையில் வையுங்கள். பிறகு குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இரண்டு அறைகளையும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். ஏற்காட்டில் பனிமூட்டத்தோடு மின்சாரமும் போன மாலையில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

மேகசின் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் கூடு) உள்ள ரைஃபிளிலும் பிஸ்டலிலும் செய்யும் வரிசை முக்கியம். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அதன் பிறகுதான் போல்ட்டையோ ஸ்லைடையோ பின்னுக்கு இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், அறையில் இருந்த தோட்டா வெளியே விழும், கை விட்டதும் மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். வெளியே விழுந்ததைப் பார்த்துக் காலியாகிவிட்டது என்று நம்பி விசையை இழுத்துப் பார்ப்பவர்களால் வீட்டுக்குள் வெடிப்பு நடப்பதுண்டு. ரிவால்வரில் உருளையை வெளியே தள்ளி, எல்லாத் துளைகளையும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

படி 2: பெட்டி

துணி வைக்கும் சாதாரண ஸ்டீல் பீரோவின் தகடு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. கடப்பாரை முனைக்கு அது சில நிமிட வேலை. சேலத்தில் பீரோ செய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, எனவே அளவு கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது. 3 மில்லிமீட்டர் தகடு, உள்பக்கம் மறைந்த கீல், கதவின் மேலும் கீழும் சேர்ந்து பூட்டும் இரண்டு முனைப் பூட்டு என்று கேளுங்கள்.

30 அங்குலக் குழல் உள்ள 12 போர் துப்பாக்கி முழு நீளத்தில் ஏறக்குறைய 48 அங்குலம் வரும். அதை நிறுத்தி வைக்க உள்ளுயரம் 52 அங்குலம் தேவை. ஆனால் மடிப்புத் துப்பாக்கியை முன்கட்டை (குழலுக்குக் கீழே கை பிடிக்கும் கட்டை), குழல், பின்கட்டை என மூன்றாகக் கழற்றிவிடலாம். அப்போது மிக நீளமான துண்டே 30 அங்குலம்தான். 3 அடி லாக்கர் போதும், விலையும் குறையும். அதைவிடப் பெரிய லாபம், முன்கட்டையை மட்டும் வேறு அறையில் பூட்டிவைத்தால், பெட்டியை உடைத்தவன் கையில் கிடைப்பது முழுமையில்லாத துப்பாக்கி. தொடங்குகிறவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த பாதுகாப்பு இது என்பது எங்கள் கருத்து.

நாலரை அடி உயரம், ஓரடிக்குச் சற்றுக் கூடுதல் அகலமுள்ள 3 மில்லிமீட்டர் தகட்டுப் பெட்டி 45 கிலோ சுமாருக்கு வரும். கனமாகத் தோன்றினாலும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் நான்கு போட வேண்டும், இரண்டு சுவரில், இரண்டு தரையில். கான்கிரீட் தரையில் போல்ட் நன்றாகப் பிடிக்கும். ஹாலோ பிளாக் சுவரில் போட்டால் உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் போல்ட் சுழலும். ஏற்காட்டின் பழைய பங்களாக்களில் சுண்ணாம்பிலும் மண்ணிலும் கட்டிய கல்சுவர்கள் உண்டு. அங்கே கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்தில் போல்ட் விட்டால் இழுத்த இழுப்பில் கையோடு வந்துவிடும். கல்லின் நடுவில் துளையிட்டு, ரசாயனப் பசை ஊற்றிப் பதிக்கும் ஆங்கர்தான் அங்கே சரி. ஓட்டு வீடாக இருந்தால் பெட்டியை மச்சிலோ பரணிலோ வைக்காதீர்கள், ஓட்டைப் பிரித்து இறங்குகிறவன் முதலில் கால்வைக்கும் இடம் அதுதான். வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் பார்வை படாத, சமையலறையோடு சுவர் சேராத உள்ளறை நல்லது.

சிலர் விசைப் பூட்டு மட்டும் மாட்டிவிட்டுச் சுவரில் தொங்கவிடுவார்கள். அந்தப் பூட்டு பெட்டிக்குள் இருக்கும்போது கூடுதல் காவல், தனியே போதாது. தோட்டா உள்ள துப்பாக்கியில் அதை மாட்டவே கூடாது, மாட்டும்போதே விசை அழுந்திவிடலாம்.

படி 3: தோட்டா

தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு, முடிந்தால் வேறு அறை. கம்பெனி அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து டப்பாவில் கொட்டிவைக்காதீர்கள். வகை, தயாரிப்பு எண் எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கும். கடையில் வாங்கிய ரசீதையும் அதே பெட்டியில் வையுங்கள்.

வீட்டில் 12 போரும் 20 போரும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே பெட்டி வேண்டவே வேண்டாம். 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் நழுவி, குழல் குறுகும் இடத்தில் போய் நின்றுகொள்ளும். மேலே பார்த்தால் அறை காலிபோலத் தெரியும். பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து, தாங்கிப் பிடித்த இடக்கை போய்விடும். இதனால்தான் பல நாடுகளில் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்ற வழக்கம் வந்தது. அதேபோல 0.32 ரிவால்வருக்கும் 0.32 பிஸ்டலுக்கும் பேச்சில் பெயர் ஒன்றுதான், தோட்டாக்கள் வேறு வேறு. வாங்கும்போது துப்பாக்கியின் பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

வெயிலும் நெருப்பும் தோட்டாவுக்கு ஆகாது. சித்திரை வெயிலில் சேலத்துத் தெருவில் நிற்கும் காரின் டிக்கி, தகரக் கூரைக்குக் கீழ் உள்ள பரண், அடுப்பும் கேஸ் சிலிண்டரும் இருக்கும் பக்கம், பெட்ரோல், பூச்சிமருந்து வைக்கும் தோட்டக் கொட்டகை, எதுவும் வேண்டாம். தீயில் விழுந்த தோட்டா குழலில் இருந்து வருவதுபோல நேராகப் பாயாது. கூடு கிழிந்து துண்டுகள் சிதறும், கண்ணுக்கு அது போதும். வீட்டில் தீப்பிடித்தால் வருகிற தீயணைப்பு வீரர்களிடம் தோட்டா இருக்கும் அறையை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள். வாங்கிய தேதி, எண்ணிக்கை, செலவான தேதி, மீதி. மாதம் ஒருமுறை எண்ணிப் பார்த்து எழுதுங்கள். ஒன்று குறைந்தாலும் அன்றே தெரிய வேண்டும்.

சாவி

ஏற்பாடு உடைவது பெரும்பாலும் இங்கேதான். அரிசி டின், சாமி படம், பீரோவின் மேல்தட்டு, தலையணை உறை, இவை நான்கும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த இடங்கள். துப்பாக்கிப் பெட்டியின் சாவி வீட்டுச் சாவிக்கொத்தில் இருக்கக் கூடாது. இடுப்பிலோ கழுத்திலோ லைசென்ஸ்காரரோடு இருக்கட்டும். மாற்றுச்சாவி எண்பூட்டு உள்ள சிறிய பெட்டிக்குள் போகட்டும், அல்லது வங்கி லாக்கருக்குப் போகட்டும். தோட்டாப் பெட்டிச் சாவியும் துப்பாக்கிப் பெட்டிச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கினால் இரண்டு பூட்டுப் போட்டதற்குப் பலன் இல்லை.

டிஜிட்டல் பூட்டு வாங்கினால் கடையிலிருந்து வந்த எண்ணை முதலில் மாற்றுங்கள், பிறந்த நாளையும் வண்டி எண்ணையும் வைக்காதீர்கள். பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை, தீரும் வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் யாராவது மனமுடைந்து இருக்கிறார்களா, குடி மிஞ்சிப் போகிறதா, குடும்பச் சண்டை கடுமையாகிறதா? அப்போது எந்தப் பூட்டையும் நம்ப வேண்டாம். துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம், நிலைமை சரியான பிறகு திரும்பப் பெறலாம். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மலைவீட்டில் ஈரம்

சேலத்தில் வெயில்தான் எதிரி. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து போகும், துப்பாக்கியில் பத்தே நாளில் துரு பூக்கும்.

முதல் தவறு, துப்பாக்கியைத் தோல் உறையிலோ கான்வாஸ் பையிலோ போட்டுப் பெட்டியில் வைப்பது. உறை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும், தோல் பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து அரிக்கும். உறை எடுத்துச் செல்வதற்கு மட்டும்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் அது உறையும், நாளானால் பிசினாகி உள்விசையை ஒட்டவைத்துவிடும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய், அது கிடைக்காத நேரத்தில் தையல் மெஷின் எண்ணெய். குழலுக்குள் முதலில் உலர்ந்த துணியை விட்டுக் கரியை எடுங்கள். பிறகு இரண்டு சொட்டு நனைத்த துணி. வெளியே, விரல் பட்ட இடமெல்லாம் துடையுங்கள், வியர்வை உப்புதான் முதல் துருவைத் தொடங்கிவைக்கிறது. எண்ணெய் அதிகமானால் அது பின்னால் வழிந்து கட்டையை ஊறவைத்து மென்மையாக்கும். அதனால் சுத்தம் செய்த முதல் நாள் குழல்வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொடாதீர்கள், தோட்டாவின் அடியில் முதலில் பற்றிக்கொள்ளும் பிரைமருக்குள் எண்ணெய் இறங்கினால் அது வெடிக்காமல் போகும்.

மேலே சொன்ன அளவுப் பெட்டிக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் அரை கிலோ போதும். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து, 50 சதவீதத்தை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் 15 வாட் பல்பு எரியவிடும் பழைய வழக்கமும் வேலை செய்யும், ஆனால் தோட்டா வேறிடத்தில் இருந்தால் மட்டும். மழைக்காலத்தில் ஏற்காட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சேலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது

நான்கு நாள் திருமணத்துக்குப் போவதற்கு மேலே சொன்ன பெட்டி போதும். எஸ்டேட் பங்களாவைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் சென்னைக்குப் போகிறீர்கள் என்றால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுப் போங்கள். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் வரும்போது துப்பாக்கி காலியாக உறையில், தோட்டா வேறு பையில், லைசென்ஸ் அசல் கையில் இருக்க வேண்டும். டீ குடிக்க அடிவாரத்தில் இறங்கினால் ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும்.

வீடு மாறினால், அல்லது துப்பாக்கியோடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் வேறு ஊரில் தங்கினால், 30 நாளுக்குள் இரண்டு பக்க அதிகாரிகளுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். திருட்டுப்போனால் அன்றே காவல் நிலையம், தோட்டா நோட்டும் லைசென்ஸ் நகலும் கையோடு.

பழைய தோட்டாவும் தாத்தா துப்பாக்கியும்

பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியது, காகிதக் கூடு ஈரத்தில் ஊதியது, பிரைமர் பள்ளம் விழுந்தும் வெடிக்காதது, எல்லாம் தனி டப்பாவில். பிரித்துப் பார்க்க வேண்டாம். புதைப்பதும் எரிப்பதும் குப்பையில் போடுவதும் வேண்டாம். எண்ணி எழுதி, கடையிலோ காவல் நிலையத்திலோ கொடுத்து எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள்.

மலைக்கிராமங்களில் குழல்வாய் வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி சில வீடுகளில் பரம்பரையாகக் கிடக்கும். லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருப்பது 2 முதல் 5 ஆண்டு சிறைக்குரிய குற்றம், பழசு என்பது காரணமாகாது. லைசென்ஸ் உள்ளதாக இருந்தாலும் திறந்து பார்க்க வழியில்லாததால் மருந்து உள்ளே இருக்கிறதா என்று தெரியாது. முதலில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு தொப்பியான கேப்பை எடுத்துவிட்டு, முகத்தைக் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், கிட்டிக்கும் கம்பியை உள்ளே விடுங்கள். காலியாக இருந்தபோது கம்பி நின்ற இடத்தில் கோடு போட்டிருந்தால், இப்போது அந்தக் கோடு வெளியே தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். தெரிந்தால் நீங்களாகத் தோண்டாதீர்கள், வேலை தெரிந்தவரை வரவழையுங்கள்.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கி அன்றிலிருந்து யாருடைய பொறுப்பிலும் சட்டப்படி இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல், குடும்பத்தில் ஒருவர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அங்கேயோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிப்பதை அதன் பிறகு நிதானமாகச் செய்யலாம். உயிரோடிருக்கும்போதே மாற்றித்தர விரும்புகிறவர்களுக்கும் விதியில் இடமுண்டு, 70 வயது ஆகியிருக்க வேண்டும் அல்லது 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்திருக்க வேண்டும். ஒப்படைக்கும்போது தரும் ரசீதில் துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி, முத்திரை நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பார்த்து வாங்குங்கள்.