ஆள் கடத்தல் பற்றிப் படிப்போரும் எழுதுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆள் கடத்தல் பற்றி எழுத உட்காருபவர்களில் பலர் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான். ‘உலகில் 4.96 கோடிப் பேர் கடத்தப்பட்டிருக்கிறார்கள்’ என்று ஆரம்பித்தால் கட்டுரைக்குக் கனம் வந்துவிடும் என்ற நினைப்பு. எண் பொய்யில்லை. ஆனால் அது சொல்வது வேறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வாக் ஃப்ரீ என்ற மனித உரிமை அமைப்பு, சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு மூன்றும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட அந்த மதிப்பீடு, நவீன அடிமை நிலையில் இருப்பவர்களைப் பற்றியது. அதில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருப்பவர்கள், 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்தில் இருப்பவர்கள். எல்லோரையும் ‘கடத்தப்பட்டவர்கள்’ என்று ஒரே கணக்கில் எழுதுவது தவறு.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது அடுத்த வழுக்கல். வாக் ஃப்ரீயின் உலக அடிமைத்தனக் குறியீடு 2013-இல் 2.98 கோடி என்றது, 2014-இல் 3.58 கோடி, 2016-இல் 4.58 கோடி. மூன்றே ஆண்டில் கொடுமை ஒன்றரை மடங்காகப் பெருகிவிட்டதா? இல்லை, கணக்கிடும் முறை மாறிக்கொண்டே வந்தது. வரைபடம் போட்டு ஏறுமுகக் கோடு இழுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இன்னும் பெரிய குழப்பம், கண்டுபிடிக்கப்பட்ட எண்ணிக்கையை நடந்த எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது. போதைப்பொருள் மற்றும் குற்றத்துக்கான ஐ.நா. அலுவலகம் ஆள் கடத்தல் பற்றி வெளியிடும் உலக அறிக்கை, அரசுகள் கண்டறிந்து தெரிவித்த பாதிக்கப்பட்டவர்களையே எண்ணுகிறது. போலீசுக்குப் பயிற்சி கொடுத்துத் தேடும் நாட்டில் எண் கூடும்; தேடாத நாட்டில் குறையும். குறைந்த எண்ணைப் பார்த்து ‘அங்கே பிரச்சினை இல்லை’ என்று எழுதினால், தேடாத அரசுக்கு நற்சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.

பிரிட்டன் செய்த கணக்கு இதை நன்றாகக் காட்டும். 2013-இல் அங்கே காவல்துறை, தொண்டு அமைப்புகள் முதலியோரின் பட்டியல்களில், பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று குறிக்கப்பட்டிருந்தவர்கள் 2,744 பேர். உள்துறையின் அறிவியல் ஆலோசகராக இருந்த புள்ளியியலாளர் பெர்னார்ட் சில்வர்மன், அந்தப் பட்டியல்களில் எத்தனை பேர் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வருகிறார்கள் என்று பார்த்தார். பல பட்டியல்களிலும் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலோர் கண்ணில் பட்டுவிட்டார்கள் என்று கொள்ளலாம். அப்படி வருபவர்கள் சொற்பமானால், வெளியே தெரியாதவர்கள் நிறைய. அவர் சொன்ன மதிப்பீடு 10,000 முதல் 13,000 வரை. இந்த முறைக்கும் விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

ஆள் கடத்தல் பற்றிய அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆண்டறிக்கையையும் இப்படித்தான் தவறாகப் படிக்கிறார்கள். அதன் தரவரிசை, அந்த நாட்டின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவுகோல்களோடு ஒப்பிட்டு அரசுகளின் முயற்சியை அளக்கிறது. முதல் தரத்தில் இருக்கும் நாட்டில் கடத்தல் குறைவு என்று அதற்குப் பொருளில்லை.

எண்ணை விடுங்கள், குற்றத்தையே தப்பாகப் புரிந்துகொள்வதும் நடக்கிறது. 2000-இல் ஏற்கப்பட்ட பலெர்மோ நெறிமுறை, அதாவது ஆள் கடத்தலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை, மூன்று கூறுகளைக் கேட்கிறது: ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, அடைக்கலம் தருவது போன்ற ஒரு செயல்; மிரட்டல், ஏமாற்று, பலவீனத்தைப் பயன்படுத்துவது போன்ற ஒரு வழிமுறை; சுரண்டும் நோக்கம். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் வழிமுறையை நிரூபிக்கத் தேவையில்லை. எல்லை தாண்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஒருவரைச் சட்டவிரோதமாக எல்லை தாண்ட வைப்பது தனிக் குற்றம், அதற்குத் தனி நெறிமுறை இருக்கிறது.

‘அவராகத்தானே கையெழுத்துப் போட்டார்’ என்ற வாதமும் இங்கே செல்லாது. ஒருவர் வேலை விளம்பரம் பார்த்துத் தானே விண்ணப்பிக்கிறார், கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டுகிறார், தானே விமானம் ஏறுகிறார். போன இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சாப்பாடு, தங்குமிடம், டிக்கெட் என்று சம்பளத்தில் பிடித்தம் போக, கடன் குறைவதற்குப் பதில் ஏறுகிறது. பூட்டும் சங்கிலியும் எங்கும் இல்லை. ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதத்தை நெறிமுறை கணக்கில் எடுப்பதில்லை. இத்தகைய இடத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 11 அறிகுறிகள் கைகொடுக்கும்: ஆவணங்களைப் பறித்து வைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, கடன் பிணைப்பு, தனிமைப்படுத்துவது என்று நீளும் பட்டியல். ஒன்றைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் என்றால் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட இளம்பெண் மட்டுமே என்ற படமும் போதாது. மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடி வளாகங்களில் அடைக்கப்பட்டவர்கள் குறித்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் அறிக்கை தந்தது: பெரும்பாலோர் ஆண்கள், பலர் நன்றாகப் படித்தவர்கள். அவர்களை மோசடிக்காரர்களாக மட்டும் பார்த்து வழக்குப் போட்டால் இரட்டைத் தண்டனைதான்.

வதந்தியைப் பகிர்வதும் உதவியில்லை. 2006 உலகக் கோப்பை கால்பந்தின்போது ஜெர்மனிக்கு 40,000 பெண்கள் கடத்தி வரப்படுவார்கள் என்று உலகெங்கும் செய்தி ஓடியது. போட்டி முடிந்து பார்த்தால், அதோடு தொடர்புடையதாகப் போலீஸ் கண்டது 5 வழக்குகள். 2020-இல் அமெரிக்காவில் ஒரு மரச்சாமான் விற்பனைத் தளம் ஆள் கடத்தலில் ஈடுபடுவதாகக் கட்டுக்கதை பரவியபோது, உதவி எண்ணை நடத்திவந்த போலாரிஸ் அமைப்புக்கு நூற்றுக்கணக்கில் வீண் புகார்கள் வந்து குவிந்தன. உண்மையிலேயே உதவி தேவைப்பட்டவர்களைக் கவனிப்பது அதனால் கடினமானது என்று அந்த அமைப்பே சொன்னது.

கடைசியாக, மீண்டு வந்தவரிடம் பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு. உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படிக்காமல் போகாதீர்கள். ஆபத்து மிக அதிகம் என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும் என்கிறது அது. பெயரை மாற்றினால் போதாது. வேலை பார்த்த இடம், ஊர், பேச்சு வழக்கு ஆகியவற்றை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். மருத்துவம், சட்டம், தங்குமிடம் ஆகியவற்றுக்கு எங்கே அனுப்பலாம் என்ற பட்டியல் முதல் கேள்விக்கு முன்பே கையில் இருக்கட்டும். செய்ய முடியாத எதையும் செய்வதாகச் சொல்லாதீர்கள்.