இறைவாசகத் தியானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனை அணைத்து வையுங்கள், தூக்கம் வரும் நேரத்தில் உட்காராதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். லெக்சியோ திவினாவுக்கு, அதாவது பைபிள் பகுதியை மெதுவாக வாசித்து, தியானித்து, ஜெபிக்கும் இந்த முறைக்குப் புதிதாக வருகிறவர்கள், நான் வருடக்கணக்கில் செய்த தவறுகளையே செய்வதைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்தவருக்காக வாசிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். பைபிளைத் திறந்ததுமே கை பேனாவைத் தேடும், மனது இதை யாருக்குச் சொல்லலாம் என்று கணக்குப் போடும். மாற்கு 10இல், கண் தெரியாத பர்த்திமேயு இயேசுவிடம் பார்வை கேட்கும் பகுதியை அப்படித்தான் வாசித்தேன். விசுவாசம், விடாமுயற்சி, பின்தொடர்தல் என மூன்று குறிப்புகள் எழுதிக்கொண்டு போய் ஜெபக் குழுவில் அழகாகப் பேசினேன். முடிந்ததும் வயதான அம்மா ஒருவர், "உனக்கு நான் என்ன செய்யணும்னு ஆண்டவர் கேட்கிறாரே, நீ என்னப்பா சொன்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி எனக்கும்தான் என்று ஒரு நொடிகூடத் தோன்றியிருக்கவில்லை.

12ஆம் நூற்றாண்டு கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ, வாசிப்பது உணவை வாயில் வைப்பது, தியானிப்பது அதை மெல்லுவது என்றார். நாமோ வாயில் வைத்த மறுநிமிடமே ருசியைப் பற்றிப் பேசக் கிளம்பிவிடுகிறோம். இப்போதெல்லாம் நான் பேனாவை அடுத்த அறையில் வைத்துவிட்டு வருகிறேன். பர்த்திமேயு தன் மேலுடையை எறிந்துவிட்டு எழுந்தான் என்ற ஒரே வரியில் மூன்று நாள் நின்றேன். நான் எதை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தபோது அழுகை வந்தது. அதை எந்தக் குழுவிலும் பேசவில்லை.

நான்கு படிகளுக்கும் நேரம் பிரிப்பது

வாசிப்பு, தியானம், மன்றாட்டு வரை நம் முயற்சி உண்டு. நான்காவதான ஆழ்நிலை ஜெபம் அருளாக வருவது, அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வரவழைக்க முடியாது.

முழு அதிகாரம் வாசிப்பது

பத்து வசனம் போதும்.

விளக்கவுரையை ஒதுக்குவது

பகுதி உண்மையில் என்ன சொல்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்தால் நம் எண்ணத்தையே ஆண்டவர் குரல் என்று நினைத்துக்கொள்வோம். முந்தைய நாளே படித்துவிடுங்கள்.

உணர்ச்சி வரவில்லை என்று நிறுத்துவது

வறண்ட நாளிலும் உட்காருங்கள். வாசிப்பு செயலில் போய்ச் சேரும்வரை முடிவதில்லை என்று 2010இல் ‘வெர்பும் தோமினி’ என்ற திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் எழுதினார். ஒன்றுமே உணராத ஒரு காலையில் எழுந்துபோய், ஆறு மாதமாகப் பேசாதிருந்த தம்பிக்குப் போன் செய்தேன்.