எட்டயபுரம் சந்தைக்கு ஆடு கொண்டு போகிறீர்களா?

எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை. ஆடு கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ‘என்ன விலைக்குப் போகுதோ பார்ப்போம்’ என்றுதான் வண்டி ஏறுகிறார்கள். வியாபாரிக்கு அது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். விலையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போங்கள்.

வியாபாரிக்குக் கைதான் தராசு. இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்துவார். எலும்பு குத்தினால் ஆடு இன்னும் கறி பிடிக்கவில்லை. அப்புறம் பின்தொடையைப் பிடித்துப் பார்ப்பார், வாயைத் திறந்து பல் பார்ப்பார், சிலர் ஒரு தூக்குத் தூக்கியும் பார்ப்பார்கள். அந்த அரை நிமிஷத்தில் ‘பதினொரு கிலோ விழும்’ என்று மனசுக்குள் முடிவு கட்டியாயிற்று.

இதே கணக்கை நாமும் போடலாம். உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கறி விழும். 25 கிலோ கிடாய் என்றால் 11 கிலோ. கடையில் கறி கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,800. தலை, கால், குடல், தோல் விற்கிற காசு அவருடைய வண்டிக்கும் கூலிக்கும் லாபத்துக்கும் போகட்டும் என்பது என் கணக்கு. அவர் கணக்கு வேறு, 6,500-இல் ஆரம்பிப்பார். 8,000-க்குக் கிட்டத்தில் முடிந்தால் நல்ல விலை என்பேன்.

முந்தின நாள் தொங்கு தராசில் எடை போட்டுவிடுங்கள். உப்புத்தண்ணீர் காட்டி வயிற்றை ரொப்பிக் கொண்டு போவதெல்லாம் வீண். விலாவில் ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும், கோபத்தில் இன்னும் ஒரு கிலோ கூடக் கழிப்பார்!

கறிக் கணக்குக்கு அடங்காத ஆடும் உண்டு. பக்ரீத்துக்கு வாங்குகிறவர் ஒரு வயது நிறைந்ததா, கொம்பு உடையாமல் காது அறுபடாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். கோயில் கொடைக்கு நேர்ந்தவருக்கு மறு இல்லாத கருங்கிடாய் வேண்டும். இவர்களிடம் கிலோ பேச்சை எடுக்காதீர்கள். பெட்டையைக் கறிக்காரரிடம் காட்டவே வேண்டாம். நான் வளர்ப்பது கன்னி ஆடு. அது இரட்டைக் குட்டி போடுகிற இனம் என்பதால், வளர்க்க வாங்குகிறவர் மடியைப் பார்த்து, போன தடவை எத்தனை குட்டி போட்டது என்று கேட்டு, அதற்கே தனி விலை தருவார்.

புரட்டாசியில் பலர் கறி தின்ன மாட்டார்கள், விலை இறங்கும். முடிந்தால் தீபாவளிச் சந்தை வரை பொறுங்கள்.

விடிவதற்குள் போய்விடுங்கள். வெளியூர் வியாபாரிகள் வண்டியை நிரப்பிவிட்டால், ஆட்டைத் திருப்பிக் கொண்டு போகிற வாடகையை நினைத்தே நீங்கள் இறங்கி வருவீர்கள்.

தரகர் நடுவில் வந்தால் தரகு யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பணத்தை எண்ணி மடியில் வைத்த பிறகு கயிற்றைக் கொடுங்கள்.