இன்ஜின் மாட்டுன சைக்கிள்ல சத்தம் வந்தா பண்ணக்கூடாத தப்புகள்

சைக்கிள் பிரேம்ல 2 ஸ்ட்ரோக் கிட் இன்ஜின் மாட்டி ஓட்டுறவங்க பண்ற முதல் தப்பு, கடகடன்னு ஒரு சத்தம் கேட்ட உடனே பிஸ்டன் போச்சு பேரிங் போச்சுன்னு முடிவு பண்ணி ஹெட்டை (சிலிண்டரோட மேல் மூடி) கழட்டிடுறதுதான். நல்லா இருந்த பேக்கிங் (கேஸ்கெட்) கிழிஞ்சு, ஸ்டட்டோட மரை கெட்டு, எல்லாத்தையும் திரும்ப மாட்டி ஸ்டார்ட் பண்ணா அதே சத்தம் அப்படியே இருக்கும், ஏன்னா அது செயினை தொய்யாம பிடிச்சிருக்குற டென்ஷனர்ல இருந்து வந்திருக்கும். இந்த வண்டியில இன்ஜினை தாங்குறதே மெல்லிசான சைக்கிள் குழாய்தான், எங்க ஆடினாலும் அந்த அதிர்வு பிரேம் முழுக்க ஏறி ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடும், மேல உக்காந்திருக்கிறவங்களுக்கு எல்லா சத்தமும் இன்ஜினுக்குள்ள இருந்து வர்ற மாதிரியேதான் கேக்கும்.

அதனால ஸ்பேனரை கையில எடுக்காம, சத்தம் எது கூட சேர்ந்து போகுதுன்னு முதல்ல பாருங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கிளட்ச் லீவரை பிடிச்சு லாக் போட்டு வண்டியை சும்மா உருட்டுங்க. கிளட்ச் பிடிச்சிருந்தாலும் இன்ஜின் செயினும் அதோட சின்ன பல்சக்கரமும் வீல் கூட சுத்திக்கிட்டுதான் இருக்கும், அதனால இப்பவும் சத்தம் வந்தா கோளாறு செயின், டென்ஷனர், பின்வீல் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்), இந்தப் பக்கம்தான். அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை லாக்ல வச்சு ஐட்லிங்ல விடுங்க, இப்ப செயின் நிக்குது இன்ஜின் மட்டும் ஓடுது, இதுல கேட்டா இன்ஜின் இல்லன்னா சைலன்சர். ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல, ஏத்தம் ஏறும்போது மட்டும் வருதுன்னா அது வேற கதை, கீழ சொல்றேன்.

செயின்ல பலபேர் பண்றது, தொளதொளன்னு அடிக்குதேன்னு டென்ஷனரை அழுத்தி இறுக்குறது. அப்புறம் கொய்ங்னு இன்னொரு சத்தம் ஆரம்பிக்கும், இன்ஜின்ல ஸ்ப்ராக்கெட் உக்கார்ற ஷாஃப்ட் பேரிங்குக்கும் அடி. நடுவுல விரலால தள்ளுனா 12 மில்லிமீட்டர் கிட்ட ஆட்டம் இருக்கட்டும். அதையும் ஒரே இடத்துல பாத்துட்டு விட்டுடாதீங்க, ஸ்போக்ஸ்ல ரப்பர் வச்சு போல்ட் போட்டு இறுக்குற ஸ்ப்ராக்கெட் நேரா சென்டர்ல உக்கார்றது அபூர்வம், வீலை மெதுவா சுத்திக்கிட்டே செயின் எங்க ரொம்ப இறுகுதோ அந்த இடத்துல வச்சுதான் அட்ஜஸ்ட் பண்ணணும். டென்ஷனர் பிராக்கெட் பிரேம் குழாயில நழுவுதான்னும் பாருங்க, அது திரும்பி ஸ்போக்ஸ்குள்ள போனா பின்வீல் அந்த நொடியே பூட்டிக்கும், இதை தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க.

"டேப்பட் சத்தம் மாதிரி இருக்கு"ன்னு சொல்றது இன்னொண்ணு. இந்த 2 ஸ்ட்ரோக் கிட் இன்ஜின்ல வால்வும் கிடையாது, அதை தட்டித் திறக்குற டேப்பட்டும் கிடையாது, வழி திறந்து மூடுறதை பிஸ்டனே பாத்துக்குது. அந்த டிக் டிக் சத்தம் பெரும்பாலும் சைலன்சர் பேக்கிங் வழியா புகை லீக் ஆகுறதுதான். சைலன்சர் சிலிண்டரோட சேர்ற இடத்துல ஈரமா கருப்பு ஆயில் கறை இருந்தா சந்தேகமே வேண்டாம். கிளட்ச் பிடிச்சு ஐட்லிங்ல நிக்கும்போது சலசலன்னு கேட்டு, கிளட்ச்சை விட்டு வண்டி நகர்ந்ததும் நின்னுபோற சத்தம் கிளட்ச் பேட் ஆடுறது, அதை விட்டுடலாம். கியர் ஊளையிடுறதும் அப்படித்தான், இந்த கிட்டுகள்ல 20 பல்லு கியர் 82 பல்லு கியரை சுத்துது, ரெண்டுமே நேர்ப்பல்லு, கொஞ்சம் கத்தத்தான் செய்யும். சத்தத்தை அடக்குறேன்னு உள்ள கிரீஸை அப்பிட்டா அது தெறிச்சு கிளட்ச் பேட்ல ஏறி கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சுடும். பல்லுல மெல்லிசா தடவுனா போதும்.

இப்ப நிஜமா கவலைப்பட வேண்டியதுக்கு வருவோம். இன்ஜின் குளுந்திருக்கும்போது கடகடன்னு இருந்து சூடானதும் குறைஞ்சா அது பிஸ்டன் லூசு, உடனே ஒண்ணும் ஆயிடாது. சூடாக சூடாக டக் டக்னு கனமா ஏறுனா நிறுத்திடுங்க. வெளிய எல்லாத்தையும் பாத்து முடிச்ச அப்புறம்தான் சிலிண்டரை கழட்டணும், அங்கயும் ஒரு தப்பு காத்துக்கிட்டு இருக்கு. கனெக்டிங் ராடை பிடிச்சு இடமும் வலமும் ஆட்டிப் பாத்துட்டு "ராடு போச்சு"ன்னு கிராங்க்கையே (ராடு கீழ மாட்டியிருக்குற சுத்துற தண்டு) தூக்கிப் போட்டுடுறாங்க. அந்த பக்கவாட்டு ஆட்டம் இருந்தே ஆகணும், ஆயில் பேரிங்குக்குள்ள போறதே அந்த இடைவெளி வழியாதான். ராடை உச்சிக்கு கொண்டுவந்து ரெண்டு விரலால பிடிச்சு நேரா மேலயும் கீழயும் இழுத்து அழுத்துங்க. அதுல துளிகூட ஆட்டம் தெரியக்கூடாது, லேசா டிக்னு விரலுக்கு தட்டினாலே கீழ் பேரிங் தேஞ்சிருச்சு. பிஸ்டன் மாத்துறவங்க ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) பாத்து வாங்குங்க, 47 மில்லிமீட்டர் போர்லயே (சிலிண்டர் விட்டம்) 38 ஸ்ட்ரோக்குக்கும் 40 ஸ்ட்ரோக்குக்கும் பிஸ்டனை ராடோட சேர்க்குற ஊசி போற ஓட்டையோட உயரம் மாறும், தப்பானதை மாட்டுனா பிஸ்டன் ஹெட்டுல போய் தட்டலாம்.

ஏத்தத்துல மட்டும் வர்ற சத்தம்னு சொன்னேன்ல, அது தகர டப்பாவுல சின்ன கல்லு போட்டு ஆட்டுன மாதிரி கிணிகிணின்னு கேக்கும். உள்ள பெட்ரோல் சீரா எரியாம கண்டபடி வெடிக்குதுன்னு அர்த்தம், பிஸ்டன் தலையில ஓட்டையே விழலாம். இதுக்கு எல்லாரும் பண்ற வைத்தியம் பெட்ரோல்ல ஆயிலை கூட்டுறது, அது நேர் எதிரா போய் முடியும். ஆயில் கூடுனா அதே ஜெட் (கார்பரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை) வழியா போற கலவையில பெட்ரோல் குறையுது, காத்து அதே அளவுதான் வருது, கலவை இன்னும் வறண்டு சூடு இன்னும் ஏறும். பெட்ரோலுக்கு ஆயில் 20:1னா லிட்டருக்கு 50 மில்லி, கிட்டோட வந்த குறிப்புல எவ்வளவு போட்டிருக்கோ அதை அப்படியே வச்சுக்கிட்டு ஜெட்டையும் காத்து லீக்கையும் பிளக்கையும் பாருங்க. இதே மாதிரி இன்னொரு குழப்பமும் இருக்கு, லோடு இல்லாம வேகமா போகும்போது பொடபொடன்னு விட்டு விட்டு எரியுற சத்தம் கேக்கும். அது பெட்ரோல் கூடுதலா போறதால வர்றது, அதை கேட்டு பயந்துபோய் ஒரேடியா ஜெட்டை சின்னதாக்கிடாதீங்க, வறண்டு ஓடுற இன்ஜின்தான் சீக்கிரம் சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சிலிண்டர்ல பிடிச்சு நின்னுடும். ஒரு படி மட்டும் குறைச்சு, கொஞ்ச தூரம் ஓட்டி, பிளக் நிறத்தை பாத்துட்டு அடுத்ததை யோசிங்க.

ஐட்லிங் தானா ஏறி வீல்னு கத்துனா ஐட்லிங் ஸ்க்ரூவை குறைச்சுட்டு போயிடாதீங்க. கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்குற குழாய்ல, இல்லன்னா கிராங்க் சீல்ல, காத்து பிடிக்குது. சூடான இன்ஜின் மேல எரியுற ஸ்பிரே எதையும் அடிச்சு சோதிக்காதீங்க, ஆறுன இன்ஜினை அப்பதான் ஸ்டார்ட் பண்ணி சோப்புத் தண்ணியை சேர்ற இடங்கள்ல விட்டாலே போதும், நுரை உள்ள இழுக்குதான்னு தெரிஞ்சிடும். ஓடும்போதே இப்படி கத்த ஆரம்பிச்சு கில் சுவிட்சுக்கும் அடங்கலன்னா பிளக் வயரை பிடுங்கப் போகாதீங்க, காத்தை அடைக்குற சோக்கை முழுசா போடுங்க, பெட்ரோல் நிறைஞ்சு அதுவே அடங்கும். கிளட்ச்சை மட்டும் அந்த நேரத்துல பிடிக்காதீங்க, லோடு விட்டுப்போச்சுன்னா இன்ஜின் இன்னும் எகிறும், பிரேக்கை அழுத்தி வேகத்தை கொண்டுவந்து நிறுத்துங்க.