டோர் ரிலே நடத்துபவர்களுக்குக் கிரிப்டோவில் நன்றி சொல்வது எப்படி?

அடையாளத்தை மறைத்து இணையத்தில் உலாவ உதவும் டோர் பிரௌசரில் ஒரு தளத்தைத் திறந்தால் உங்கள் தரவு ரிலே எனப்படும் மூன்று கணினிகளைத் தாண்டித்தான் அங்கே போய்ச் சேரும். முதலில் கார்டு ரிலே, அப்புறம் மிடில், கடைசியில் எக்ஸிட். கார்டுக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும், ஆனால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியாது. எக்ஸிட்டுக்குத் தளம் தெரியும், ஆள் தெரியாது. உலகம் முழுக்க இப்படிப் பல ஆயிரம் ரிலேக்கள் ஓடுகின்றன, அவற்றில் பெரும்பாலானவற்றைத் தன்னார்வலர்கள் கைக்காசு போட்டு சர்வர் வாடகை கட்டி நடத்துகிறார்கள். எக்ஸிட் நடத்துபவர்களுக்கு வாடகையோடு புகார்களும் வரும், ஏனென்றால் யாரோ எங்கிருந்தோ செய்த வேலைக்கு வெளியே தெரிவது அவர்களுடைய ஐபி முகவரிதான்.

இவர்களுக்கு நம்மால் முடிந்ததைக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு சிறு குழு, கிரிப்டோவில் ஒரு நன்றி நிதி தொடங்கி ஒழுங்காக நடத்துவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உங்களுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, ஒரு விரிதாளில் கணக்குப் போடத் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன்

இது புது யோசனை இல்லை. 2014ல் டோர்காயின் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது, ரிலே எவ்வளவு தரவைக் கடத்தியது என்பதையே சான்றாக வைத்து நாணயம் உருவாக்கலாம் என்று அது சொன்னது. அதே ஆண்டில் ஆனியன்டிப் என்ற சேவை இன்னும் எளிய வழியில் போனது: ரிலே நடத்துபவர் தன் தொடர்புத் தகவலில் பிட்காயின் முகவரியை எழுதி வைத்தால், வருகிற நன்கொடையை ரிலேயின் எடைக்குத் (வலையமைப்பில் அது சுமக்கும் பங்கைக் காட்டும் எண்) தக்கபடி பிரித்து அனுப்பி வந்தது. நாம் செய்யப்போவதும் இந்த இரண்டாவது வகைதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023 நவம்பரில் டோர் திட்டம் ஒரு தொகுதி ரிலேக்களை வலையமைப்பிலிருந்து நீக்கியது. கிரிப்டோ டோக்கன் வழியாகப் பண லாபம் கிடைக்கும் என்று சொல்லி ஆள் சேர்த்த ஒரு திட்டத்தோடு அவை தொடர்புடையவை, வலையமைப்புக்கு ஆபத்து என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. ரிலே நடத்தினால் லாபம் என்று ஆகிவிட்டால், எந்த ஊரில் சர்வர் மலிவோ அங்கேயே நூறு சர்வர் வாடகைக்கு எடுத்து ஓட்ட ஆள் வருவார்கள். வேகம் கூடும், ஆனால் பாதுகாப்பு போய்விடும், ஏனென்றால் மூன்று ரிலேக்களும் வெவ்வேறு ஆட்களின் கையில் இருப்பதால்தான் டோர் வேலை செய்கிறது. ஒரே கூட்டம் நூற்றுக்கணக்கான ரிலேக்களை ஓட்டிக்கொண்டிருந்ததை 2021ல் கண்டுபிடித்து நீக்கிய சம்பவமே இருக்கிறது, அந்தக் கூட்டத்துக்கு யாரும் காசு கொடுத்ததாகக்கூடத் தெரியவில்லை.

படி 1: உச்சவரம்பு வையுங்கள்

அதனால் முதல் வேலை வாலட் (கிரிப்டோவை வைத்துக்கொள்ளும் மென்பொருள்) இல்லை, ஒரு விதி. எந்த நடத்துபவருக்கும் மாதம் கிடைக்கும் தொகை அவருடைய ரிலேயின் வாடகைச் செலவைத் தாண்டக் கூடாது, முடிந்தால் பாதிக்கு மேலும் போகக் கூடாது. இதை எழுத்தில் போட்டு எல்லாருக்கும் தெரியும்படி வையுங்கள். "வருமானம்", "ஈட்டுங்கள்" மாதிரி சொற்களை அறிவிப்பில் எங்கேயும் பயன்படுத்தாதீர்கள், அடுத்த மாதமும் வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். புது டோக்கன் உருவாக்கும் ஆசை வந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், விலை ஏறுமா இறங்குமா என்று பார்க்கிற கூட்டம்தான் அதனால் சேரும்.

படி 2: எந்த நாணயம்?

பிட்காயின் அல்லது மொனேரோ. பிட்காயினைப் பலரும் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதன் பேரேடு (எல்லாப் பரிவர்த்தனைகளும் பதிவாகும் கணக்கு) முழுக்கத் திறந்தது. ரிலேயின் தொடர்புத் தகவலில் ஒரு பிட்காயின் முகவரியை எழுதிவிட்டால், அந்த முகவரிக்கு எப்போது எவ்வளவு வந்தது, அந்தப் பணம் எங்கே போனது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மொனேரோவில் முகவரி வெளியே தெரிந்தாலும் அதற்கு வந்த பணம் பேரேட்டில் வெளியாட்களுக்குத் தெரியாது. பெயர் மறைப்புக்காக உழைக்கிறவருக்கு நன்றி சொல்லப் போய் அவரையே காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதால் என் விருப்பம் மொனேரோதான். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், நடத்துபவரே தேர்ந்தெடுக்கட்டும்.

படி 3: வாலட்

பிட்காயினுக்கு எலக்ட்ரம், மொனேரோவுக்கு அதன் அதிகாரபூர்வ வாலட் அல்லது ஃபெதர். அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், கோப்போடு தருகிற மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டு நிறுவுங்கள். வாலட் காட்டும் மீட்புச் சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், போனில் படம் எடுக்க வேண்டாம்.

பொது நிதி என்பதால் ஒரே ஆள் கையில் சாவி இருக்கக் கூடாது. எலக்ட்ரமில் வாலட் உருவாக்கும்போதே பல கையொப்ப வகையைத் தேர்ந்தெடுத்து, மூன்று பேரில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும் என்று அமைக்கலாம். அப்புறம், வாலட்டின் ப்ராக்ஸி அமைப்பில் டோரைக் கொடுத்துவிடுங்கள், நீங்கள் எந்தெந்த முகவரியைப் பார்க்கிறீர்கள் என்பது அதன் சர்வருக்கு உங்கள் ஐபியோடு சேர்ந்து போக வேண்டிய தேவை இல்லை.

படி 4: ரிலே பட்டியலை எடுப்பது

டோர் திட்டமே ஆனியனூ என்ற சேவையில் எல்லா ரிலேக்களின் விவரத்தையும் வெளியிடுகிறது. பிரௌசரிலேயே ரிலே தேடல் பக்கத்தில் ஒவ்வொன்றாகவும் பார்க்கலாம். ஒவ்வொரு ரிலேக்கும் 40 எழுத்து கைரேகை (அதை அடையாளம் காட்டும் குறியீடு), தொடர்புத் தகவல், முதன்முதலில் தெரிந்த தேதி, கொடிகள் (டோர் வலையமைப்பு அதற்குக் கொடுக்கும் அடையாளங்கள்), குடும்பம் (அதே ஆள் நடத்துவதாக அறிவிக்கும் மற்ற ரிலேக்கள்), ஒருமித்த எடை எல்லாம் இருக்கும். இந்த எடைதான் நமக்கு முக்கியம். ரிலே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற வேகத்தை மட்டும் நம்பாமல், டோரின் அளவீட்டுச் சர்வர்கள் வெளியிலிருந்து சோதித்துப் பார்த்துக் கணக்கிடுகிற எண் இது, அதனால் பொய் சொல்வது கடினம்.

தொடர்புத் தகவலில் பிட்காயின் அல்லது மொனேரோ முகவரி உள்ள ரிலேக்களை மட்டும் விரிதாளில் எடுத்துக்கொள்ளுங்கள். மோசமான எக்ஸிட் என்ற கொடி இருந்தால் நீக்குங்கள். முதன்முதலில் தெரிந்து 70 நாளாவது ஆகாதவற்றையும் நீக்குங்கள், ஒரு புது ரிலே முழு வேகத்துக்கு வந்து நிலைபெறவே கிட்டத்தட்ட 68 நாள் ஆகும், பணத்துக்காக மட்டும் வருகிறவர்களும் அதற்குள் பொறுமை இழந்துவிடுவார்கள்.

பிரிட்ஜ்கள் என்ற ரகசிய நுழைவு ரிலேக்களை இதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். தணிக்கை உள்ள இடங்களில் இருப்பவர்களுக்காக ஓடுகிற அவற்றின் முகவரி ரகசியமாக இருப்பதுதான் அவற்றின் பலம். "பிரிட்ஜ் வைத்திருந்தால் சொல்லுங்கள், பணம் தருகிறோம்" என்று கேட்டால் அந்த ரகசியத்தை விலைக்குக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். அவர்களுக்கு நன்றி சொல்ல விரும்பினால் டோர் திட்டத்துக்கே நன்கொடை கொடுங்கள்.

படி 5: ஒருவருக்கு எத்தனை ரிலே?

ரிலேயின் விவர அறிக்கை அதன் சாவியால் கையொப்பமிடப்பட்டது, ஆகவே அதில் இருக்கும் முகவரியை ரிலேயைக் கையில் வைத்திருப்பவர்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் பெயர், மின்னஞ்சல், இணையதளம் எல்லாம் வெறும் எழுத்து, யாரும் யார் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். இதற்காகத் தொடர்புத் தகவலை எழுதுவதற்கென்றே ஒரு பொது வடிவம் இருக்கிறது. அதில் நன்கொடை முகவரிகளுக்குத் தனிப் புலங்கள் உண்டு, கூடவே நடத்துபவர் தன் இணையதளத்தில் தன் ரிலேக்களின் கைரேகைகளை ஒரு கோப்பாக வைத்து உரிமையை நிரூபிக்கவும் முடியும். அந்தக் கோப்பைத் திறந்து கைரேகை பொருந்துகிறதா என்று பாருங்கள். அதையும் ரிலே அறிவிக்கும் குடும்பத்தையும் வைத்து, ஒரே நடத்துபவரின் ரிலேக்களை விரிதாளில் ஒரே வரியாகத் திரட்டுங்கள்.

சென்ற மாதத்துப் பட்டியலோடும் ஒப்பிடுங்கள். யாருடைய முகவரியாவது மாறியிருந்தால் உடனே அனுப்பாதீர்கள், சர்வரை வேறு யாராவது கைப்பற்றி முகவரியை மாற்றியிருக்கலாம். மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்த பிறகு அனுப்புங்கள்.

படி 6: பங்கு பிரிப்பது

எல்லாருக்கும் சம பங்கு கொடுப்பதுதான் நியாயம் என்று முதலில் தோன்றும். அப்படிக் கொடுத்தால், ஒரு ரிலேயைப் பத்தாக உடைத்து வெவ்வேறு பெயரில் ஓட்டுகிறவருக்குப் பத்துப் பங்கு. சரி, பெரியவர்களுக்குக் கொஞ்சம் குறைக்க எடையின் வர்க்கமூலத்தை எடுக்கலாமா? அதிலும் அதே ஓட்டை. எடை 10,000 உள்ள ஒரு ரிலேக்கு வர்க்கமூலம் 100. அதையே 2,500 வீதம் நான்காக உடைத்தால் ஒவ்வொன்றுக்கும் 50, மொத்தம் 200. ஒரு பைட் கூட அதிகம் கடத்தாமல் பங்கு இரட்டிப்பாகிவிட்டது! நேர் விகிதத்தில் கொடுத்தால் மட்டும்தான் உடைப்பதால் எந்த லாபமும் இல்லை. ஆகவே நேர் விகிதம், அதன்மேல் ஒரு நடத்துபவருக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு. வரம்பு இருப்பதால் உடைக்கும் ஆசை கொஞ்சம் மிச்சமிருக்கும், படி 5ஐ ஒழுங்காகச் செய்யச் சொன்னது அதனால்தான்.

எடுத்துக்காட்டாக, நிதி 10 லட்சம் சடோஷி, அதாவது 0.01 பிட்காயின். தகுதி பெற்ற 40 நடத்துபவர்களின் மொத்த எடை 80,000 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய எடை மட்டும் 30,000 என்றால் அவருக்கு 3,75,000 சடோஷி போய்விடும். நிதியில் பத்தில் ஒன்று என்று வரம்பு வைத்தால் அவருக்கு 1,00,000, மீதி மற்றவர்களுக்குப் பிரியும். எடை 400 உள்ள சின்ன ரிலேக்கு வரம்புக்கு முந்தைய கணக்கில் 5,000 வரும், மீதியைப் பிரித்ததும் கொஞ்சம் கூடும்.

ஒரே சர்வர் நிறுவனத்தில் கூட்டமாக இருப்பவற்றுக்குக் குறைத்து, அபூர்வமான இடத்தில் இருப்பவற்றுக்குக் கூட்டலாமா என்று கேட்டால், கொள்கையளவில் நல்லதுதான். முதல் சில மாதங்கள் வேண்டாம், விதி எவ்வளவு எளிதோ அவ்வளவு குறைவாகத்தான் சண்டை வரும்.

படி 7: அனுப்புவது

பிட்காயினில் சில்லறைத் தொகை அனுப்புவதில் ஒரு சிக்கல் உண்டு. பெறுகிறவர் பின்னால் அதைச் செலவழிக்கும்போது, bc1q என்று தொடங்கும் வழக்கமான முகவரியில் வந்த ஒவ்வொரு தொகைக்கும் பரிவர்த்தனையில் சுமார் 68 பைட் இடம் பிடிக்கும். பைட்டுக்கு 20 சடோஷி கட்டணம் ஓடுகிற நேரத்தில் அதற்கே 1,360 சடோஷி போய்விடும். அதனால் 10,000 சடோஷிக்குக் குறைவான பங்கை அனுப்பாமல் அவர் பெயரில் சேர்த்து வையுங்கள், தாண்டியதும் அனுப்பலாம்.

அனுப்பும்போது 40 பேருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டாம். எலக்ட்ரமில் பலருக்கு ஒரே பரிவர்த்தனையில் அனுப்பும் வசதி இருக்கிறது, வரிக்கு ஒரு முகவரியும் காற்புள்ளி போட்டுத் தொகையும் ஒட்டினால் போதும். ஒற்றைக் கையொப்ப வாலட்டில் தனித்தனியாக என்றால் மொத்தம் 5,600 பைட் அளவுக்குக் கட்டணம், ஒன்றாக என்றால் ஏறக்குறைய 1,350. மொனேரோவில் ஒரு பரிவர்த்தனைக்கு 16 வெளியீடுதான், அதில் ஒன்று உங்களுக்கே திரும்பும் மீதி, ஆக 15 பேர் வீதம் பிரித்து அனுப்புங்கள்.

முகவரிகளை எச்டிடிபிஎஸ் (https) பாதுகாப்பு இல்லாத பக்கத்திலிருந்து ஒருபோதும் நகலெடுக்காதீர்கள். 2020ல் ஒரு கூட்டம் ஏராளமான எக்ஸிட் ரிலேக்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாதுகாப்பில்லாத பக்கங்களில் பிட்காயின் முகவரிகளை வழியிலேயே மாற்றியது. அந்த ஆண்டு மே மாதத்தில் எக்ஸிட் திறனில் 23 சதவீதத்துக்கு மேல் அவர்கள் கையில் இருந்தது. ஒட்டிய பிறகும் முதல் ஆறு எழுத்து, கடைசி ஆறு எழுத்தைக் கண்ணால் பாருங்கள்.

படி 8: கணக்கைக் காட்டுவது

நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்கு வேண்டும், பெற்றவர்களுக்கு மறைவு வேண்டும். மாத மொத்தம், எத்தனை பேருக்குப் போனது, பங்கு பிரித்த விதி, கணக்குக்கு எடுத்த ரிலே பட்டியலின் தேதி, இவ்வளவும் வெளியிட்டால் போதும். மொனேரோவில் யாராவது கேட்டால் குறிப்பிட்ட ஒரு பணம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாலட்டிலிருந்தே எடுத்து அவருக்கு மட்டும் தரலாம்.

ரிலே நடத்துபவராக இருந்தால்

நன்றிப் பணத்துக்கென்று தனி வாலட்டில் புது முகவரி உருவாக்கி, அதை டோரின் அமைப்புக் கோப்பில் தொடர்புத் தகவல் வரியில் சேர்த்துவிட்டு டோரை மறுபடி ஏற்றுங்கள். கிரிப்டோ வாங்கி விற்கும் பரிமாற்றச் சந்தை தருகிற முகவரியைப் போடாதீர்கள், அங்கே உங்கள் அடையாள ஆவணம் இருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டில் இது வருமானமாகக் கருதப்படுமா என்பதை வரி தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம் என்று நினைத்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை, முகவரி இல்லாத ரிலே பட்டியலிலேயே வராது.